சேற்றில் கை வைக்காத பன்னிரண்டு நாட்கள்

ராஜாத்தியைச் சந்தித்த அன்றே அவரோடு சண்டை போட்டேன். தப்பு என்னுடையது. அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நிம்மதியாக எழுதலாம்.

என் பெயர் குந்தவை. தஞ்சாவூர் தெற்கு வீதியில் ஒரு பாத்திரக் கடைக்கு மாடியில் கம்பெனி செக்ரட்டரி அலுவலகம் வைத்திருக்கிறேன். கம்பெனி செக்ரட்டரி என்றால் முதலாளிக்குக் கடிதம் டைப் அடிப்பவர் என்று என் சொந்தப் பெரியப்பாவே இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். கம்பெனிகள் அரசுக்கு அனுப்பும் தாள்களைச் சரிபார்த்து, இதெல்லாம் நிஜம்தான் என்று கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. பொய்யான தாளில் போட்டால் என் தொழிலுக்கே பூட்டு விழும். அதனால் எனக்குச் சந்தேகம் அதிகம். கோபம் மூக்குக்கு மேல் வரும். வீதி முழுக்க அது தெரியும்.

செப்டம்பர் மாதம் எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. கம்பெனி இயக்குநராகப் பதிவான ஒவ்வொருவரும், நான் நிஜமான ஆள், இன்ன இடத்தில் இருக்கிறேன், இந்த எண்ணில் பேசினால் நானே எடுப்பேன் என்று முப்பதாம் தேதிக்குள் நிரூபிக்க வேண்டும். அதற்குக் கேஒய்சி என்று பெயர். செய்யாவிட்டால் இயக்குநர் எண் முடங்கிவிடும், கம்பெனிக்காக அவர் போடும் கையெழுத்து எந்தப் படிவத்திலும் ஏறாது. வாட்ச்மேன் பெயரிலும் செத்தவர் பெயரிலும் கம்பெனி நடத்தும் புத்திசாலிகள் இருக்கும் நாட்டில் நல்ல சட்டம்தான்.

அப்படி ஒரு செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி, நீடாமங்கலம் பக்கம் கீழமருதங்குடியிலிருந்து ஐந்து பெண்கள் பஸ் ஏறி வந்து என் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். முந்நூறு சொச்சம் விவசாயிகள் பங்கு போட்ட உழவர் கம்பெனியின் இயக்குநர்கள். விதைநெல் சுத்தம் செய்து விற்கும் கம்பெனி. தலைவர் ராஜாத்தி. ஐவருக்கும் இதுதான் முதல் கேஒய்சி.

ஓரத்தில் இருந்த வேம்புவின் தாள்களை முதலில் எடுத்தேன். ராஜாத்தியின் நாத்தனார் அவர். மொபைல் எண் கட்டத்தில் அவர் சொன்னதை அடித்தேன். பக்கத்தில் ராஜாத்தியின் பைக்குள் போன் கூவியது. அவர் எடுத்து ஓடிபியைப் படித்தார். நான் தலையை நிமிர்த்தாமலே அடித்தேன். படிவம் போய்விட்டது. அடுத்து ராஜாத்தி. அவர் சொன்ன எண்ணை அடித்ததும் திரை மறுத்தது. இந்த எண் ஏற்கெனவே வேறு இயக்குநருடையது என்றது.

"இது யார் நம்பருங்க?" என்றேன்.

"என்னோடதுதாங்க மேடம்."

"அப்ப வேம்பு எதுக்கு இதையே சொன்னாங்க?"

"அவளுக்கும் இதாங்க. எங்க நடவு செட்டு மொத்தத்துக்கும் இதாங்க நம்பரு. முப்பத்தோரு பேருக்கும்."

எனக்கு வந்ததே கோபம். ஒருவர் எண்ணை இன்னொருவருக்குக் கொடுப்பது என்ன விளையாட்டா, இயக்குநர் என்றால் என்னவென்று தெரியுமா என்று கத்தினேன். கீழே பாத்திரக் கடையில் பேரம் நின்றுவிட்டது. நான் கத்தி முடிக்கும்வரை ராஜாத்தி காத்திருந்தார்.

"போன் என் பையிலதான மேடம் அடிச்சுது? இது யாரோடதுன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல?"

கேட்பதுதான் என் வேலை. கேட்கவில்லை. ராஜாத்தியின் எண்ணை வேம்புவுக்கு எழுதி, ராஜாத்திக்கே அவர் எண் இல்லாமல் செய்தது நான்தான். மாற்ற வேண்டுமானால் வேம்புவுக்குப் புது எண் வேண்டும். எப்படிப் பார்த்தாலும் நான்கு புது சிம் வாங்கியாக வேண்டும்.

அந்த எண்ணின் கதையைச் சொன்னால் ராஜாத்தியின் பாதி வாழ்க்கையைச் சொன்ன மாதிரி. இப்போது அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. பதினொன்றில் அம்மாவுக்குப் பக்கத்தில் நடவில் இறங்கினார். அப்போது அரை ஆள் கூலி. பதினான்கில் முழு ஆள். கல்யாணமாகி கீழமருதங்குடிக்கு வந்த அடுத்த வாரமே அங்கேயும் வயலில் நின்றார். "தாலில மஞ்ச ஈரங்கூட காயல" என்பார் சிரித்துக்கொண்டு. முப்பது வயதில் தனியாக ஒரு நடவு செட்டைக் கூட்டினார். ஏக்கர் கணக்கில் வேலை பேசி, நட்டு முடித்து, வந்ததைச் சமமாகப் பிரித்துக்கொள்ளும் செட்டு. அதில் முதல் செல்போன் அவர் வாங்கியது. வேலைக்குக் கூப்பிடுகிறவர்கள் அந்த எண்ணில்தான் கூப்பிடுவார்கள். பிறகு ஆதார் எடுக்க வந்தவர்கள் எண் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், பாங்கில் கேட்டார்கள். கேட்ட இடத்திலெல்லாம் முப்பத்தோரு பெண்களும் அதையே சொன்னார்கள். யாருக்கு என்ன குறுஞ்செய்தி வந்தாலும் ராஜாத்தி மறுநாள் வரப்பில் நின்று சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு டிஜிட்டல் கையெழுத்து எடுத்தபோதும் ஐவருக்கும் ஓடிபி அதில்தான் வந்தது. ஒரு சிக்கலும் வரவில்லை.

கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ராஜாத்தியும் இன்னும் சிலரும் சொந்தமாகச் சாகுபடி செய்யத் தொடங்கி ஏழெட்டு வருடம் ஆகிறது. உழவர் கம்பெனி வந்தபோது இயக்குநர் பதவியை ஊரில் யாரும் சீண்டவில்லை. வீண் வேலை என்று பெண்கள் தலையில் கட்டினார்கள். ஒரே வருடத்தில் கம்பெனியின் விதைநெல் மூன்று ஒன்றியங்களுக்குப் போனது. அதன்பிறகுதான் அந்த நாற்காலிகள் எல்லோர் கண்ணிலும் பட்டன.

சிம் வாங்கப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள், கருவியில் கைரேகை விழவில்லையாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பதினேழாம் தேதி நானே நீடாமங்கலம் போய் சலாஹுதீன் என்பவரின் மொபைல் கடையில் நின்றேன். வேம்பு போக மிச்ச நாலு இயக்குநர்களும் வந்திருந்தார்கள்: ராஜாத்தி, ராசம்மாள், இசைவாணி, சாவித்திரி. ஆளுக்குப் பத்து விரல், நாற்பது விரலையும் கருவியில் வைத்துப் பார்த்தோம். நாற்பதுக்கும் சிவப்பு விளக்கு. சம்பா நடவு உச்சத்தில் இருந்தது. நாள் முழுக்க நாற்றைப் பிரித்துப் பிரித்துச் சேற்றில் ஊன்றிய விரல்கள் வழவழவென்று வெளுத்துக் கிடந்தன.

"மிஷின் மேல குத்தமில்லங்க," என்றார் சலாஹுதீன். "நடவு நேரத்துல ரேஷன் கடையிலயும் இதே கததான். சேத்துலயும் தண்ணிலயும் கை வைக்காம பத்துப் பன்னெண்டு நாள் இருந்தாங்கன்னா தோல் கட்டிக்கும். ரேக தானா வந்துரும்."

நடவு நேரத்தில் நடவுப் பெண்ணிடம் சேற்றில் கை வைக்காதே என்கிறார். நான் நாள்காட்டியைப் பார்த்தேன். முப்பதாம் தேதிக்குச் சரியாகப் பதின்மூன்று நாள் இருந்தது.

அன்று மாலை கம்பெனிக் கிடங்கில் துரைராசு எங்களைப் பார்க்க வந்தார். ஊரின் பெரிய நிலக்காரர், கம்பெனியில் ஒரு உறுப்பினர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்தவரைக் காபி கொடுக்காமல் அனுப்ப மாட்டார், யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார். ராஜாத்தியின் மாமனார் அவருடைய அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர். சாகும்வரை அந்த மனிதருக்கு ஊரில் இருந்த அடையாளம், இன்னார் வீட்டு ஆள் என்பது ஒன்றுதான்.

"எதுக்கு ராஜாத்தி இவ்வளவு செரமம்?" என்றார் துரைராசு. "நம்ம வீட்ல நாலு போன் சும்மா கெடக்கு. அந்த நம்பரக் குடுத்துருங்க. ஓடிபி வந்தா பசங்க பாத்துச் சொல்லிருவாங்க. அதுவும் வேணாம்னா முப்பதாந்தேதி பொதுக்கூட்டம் இருக்குல்ல, பேப்பரெல்லாம் சரியா இருக்கற நாலு பேரப் போட்டுட்டுப் போவோம். யாரு இருந்தா என்ன, நம்ம கம்பெனிதான?"

அவர் சட்டைப் பையில் அந்த நாலு பேரின் பட்டியல் தயாராக இருந்தது. தன் பெயரையே நிரூபிக்க முடியாதவர்கள் கம்பெனியை எப்படி நடத்துவார்கள் என்று அவர் ஊரில் கேட்டுக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியும். உறுப்பினர்களில் பாதிப்பேர் அவர் பேச்சைக் கேட்பவர்கள். முப்பதாம் தேதிக்குள் முடிக்காவிட்டால் கூட்டத்தில் இந்தப் பெண்கள் போய்விடுவார்கள் என்பது தெளிவாக இருந்தது.

ராஜாத்தி என் பக்கம் திரும்பினார். "மேடம், நாளப்பின்ன கம்பெனிக்கு நான் ஏதாச்சும் கையெழுத்து போடணும்னா, ஓடிபி எதுக்கு வரும்?"

"இப்ப குடுக்குற நம்பருக்குத்தான்."

"அப்ப போன் யாரு கையில இருக்கோ அவங்கதான் ராஜாத்தி." அவர் துரைராசுவைப் பார்த்தார். குரலில் மரியாதை குறையவில்லை. "வேணாங்கய்யா. எனக்கு நானே இருந்துக்குறேன்."

பல வருடம் படித்து, பரீட்சை எழுதி, நான் புரிந்துகொண்ட சட்டத்தை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அந்த நிமிடம் அவரை எனக்கு அவ்வளவு பிடித்துப் போயிற்று.

ஆனால் செட்டில் ஒரு கறாரான சட்டம் இருந்தது. சேற்றில் கை இறங்கியவளுக்குத்தான் பங்கு. பிரசவத்துக்கும் சாவுக்கும் மட்டும் விலக்கு. சட்டத்தைப் போட்டவர் ராஜாத்தி. முந்தின வருடம் காய்ச்சலில் படுத்த வேம்புவுக்கே அவர் பங்கு தரவில்லை. சம்பா நடவை விட்டால் அந்தப் பெண்களுக்கு அவ்வளவு வேலை சேர்ந்தாற்போல் வராது. மறுநாள் காலையில் நான் வரப்பில் நிற்கும்போது ராஜாத்தி செட்டிடம் விஷயத்தைச் சொன்னார். நாங்கள் நாலு பேரும் பன்னிரண்டு நாள் கரையில் நிற்கிறோம், எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்றார். மற்றவர்கள் அதற்குள் வயலில் இறங்கியிருந்தார்கள்.

வேம்பு நிமிர்ந்தார். "அண்ணி, நாங்க இருவத்தேழு பேரு நடுறோம். பங்கு முப்பத்தொண்ணாத்தான் பிரியும்."

"சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அது நீங்க போட்டது. இன்னைக்கு நாங்க மாத்துறோம். எங்க, கைய தூக்குங்கடி!"

இருபத்தேழு கைகள் சேறு சொட்டச் சொட்ட உயர்ந்தன. எத்தனையோ கம்பெனிகளின் தீர்மானங்களை எழுதியிருக்கிறேன். இவ்வளவு சுத்தமான தீர்மானத்தை நான் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெயில் என்று சொல்லிச் சமாளித்தேன்.

"போன வருசம் காச்சல்ல எனக்குப் பங்கு குடுக்கல, ஞாபகம் இருக்கா அண்ணி?" என்றார் வேம்பு.

"இருக்குடி."

"இருக்கட்டும். அத ஒரு நாளைக்கு வச்சுக்கிறேன். இப்ப கரையேறுங்க."

அடுத்த பன்னிரண்டு நாளும் ராஜாத்தி என்னை விடவில்லை. தினமும் போன். "கையக் கட்டிப் போட்டாப்புல இருக்கு மேடம்." "தேங்காண்ண தடவித் தடவி கதவத் தொறக்க முடியல மேடம்." நான் சாதாரணமாகச் சாப்பிடலாம் என்று சொல்லியும் கேட்காமல் ஸ்பூனால் சாப்பிட்டார். "இதுக்குப் பேரு சாப்பாடா மேடம்?" என்று என்னையே கேட்டார். வரப்பில் கைகளை அக்குளில் செருகிக்கொண்டு நின்று, அந்தக் குத்து சாய்ந்திருக்கிறது, இந்த நாற்று முடியைப் பிரிக்கவே இல்லை என்று அதட்டியதில் செட்டுக்கு அவர் வயலில் இருந்தபோதைவிடத் தொல்லை அதிகமாயிற்று. நாலு பேரும் ஏதாவது ஊருக்குப் போய்த் தொலையுங்கள் என்று வேம்பு கும்பிட்டுக் கேட்டாராம்.

ராஜாத்தியின் கணவர் ஐயாவு தெருக்குழாயில் உட்கார்ந்து பாத்திரம் தேய்த்தார். தெருவே நின்று பார்த்தது. என்ன மாமா இதெல்லாம் என்று கிண்டல் செய்தவர்களிடம் அவர் சட்டியைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தபடி சொன்னார்: "டைரக்டர் கை. நனையக் கூடாது."

ஒன்பதாம் நாள் மழை கொட்டியது. ராஜாத்தியின் குத்தகை வயலில் வரப்பு உடைந்து, நட்டு ஒரு வாரமான பயிர் முழுகத் தொடங்கியது. ஐயாவு மண்வெட்டியோடு ஓடினார். செட்டுப் பெண்கள் கையாலேயே சேற்றை அள்ளி அடைத்தார்கள். ராஜாத்தி பாலிதீன் பையில் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு மழையில் நின்றார். "நான் பெத்தத யாரோ தூக்கி வச்சிருக்க மாதிரி இருந்துச்சு. அன்னைக்கு மட்டும் அழுதேன் மேடம்," என்றார் பிறகு. ஆனால் கையை வெளியே எடுக்கவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி மறுபடி சலாஹுதீன் கடை. ராசம்மாளின் கட்டைவிரலுக்கு உடனே பச்சை. இசைவாணிக்கும் சாவித்திரிக்கும் இரண்டாவது தடவை. மூவரும் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கடைசியாக ராஜாத்தி. வலது கட்டைவிரலில் சிவப்பு. ஆள்காட்டி விரலிலும் சிவப்பு. வலது கை ஐந்தும் போயிற்று. நாற்பத்திரண்டு வருடம் நட்ட கைக்குப் பன்னிரண்டு நாள் போதவில்லை போலிருக்கிறது. சலாஹுதீன் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். இடது கட்டைவிரல், சிவப்பு. ஆள்காட்டி, நடுவிரல், இரண்டும் சிவப்பு. ராஜாத்தி இடது மோதிர விரலை வைத்து அழுத்தினார்.

பச்சை.

"விழுந்துருச்சுங்க!" என்று கூவியவர் சலாஹுதீன். சார்ஜர் வாங்க வந்திருந்த ஒருவர் என்ன ஏதென்று தெரியாமலே கைதட்டினார். ராஜாத்தி அந்த விரலைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிம் மறுநாள் காலை வேலை செய்யும் என்றார்கள். செட்டின் பழைய சிம் அன்று மாலையே வேம்புவின் கைக்குப் போனது.

முப்பதாம் தேதி காலை, ஊர் சமுதாயக் கூடம். பத்து மணிக்கே ஒரு மூலையில் மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். மூன்று பேரின் படிவங்களும் அரை மணி நேரத்தில் போயின. பதினொரு மணிக்குக் கூடம் நிரம்பியது. துரைராசு முன்வரிசையில், அவர் மகன் அரவிந்தன் பக்கத்தில். ராஜாத்தியின் புது சிம்மில் அதுவரை சிக்னல் வரவில்லை.

"என்னம்மா, ஆச்சா?" என்றார் துரைராசு என்னிடம். நல்ல மனிதராகத்தான் கேட்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பதினொன்று பத்துக்குப் போனில் கோடுகள் ஏறின. நான் பொத்தானை அழுத்தினேன். ராஜாத்தியின் கையிலேயே போன் கூவியது. முதல் முறையாக அவருக்கு மட்டுமான ஓடிபி.

"சொல்லுங்க, அடிக்கிறேன்," என்றேன்.

"எதுக்கு சொல்லணும்? என்கிட்டல்ல வந்துருக்கு." அவர் என்னை நகரச் சொல்லி, மடிக்கணினி முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு எண்ணாகத் தேடித் தேடி ஆறையும் தானே அழுத்தினார். கூடம் மொத்தமும் எழுந்து நின்று எட்டிப் பார்த்தது. சரிபார்க்கப்பட்டது என்று திரையில் வந்ததும் கையெழுத்தை ஏற்றிப் படிவத்தை அனுப்பினேன். "ஐந்து இயக்குநர்களும் முடிந்தது!" என்று நான் கத்திய கத்தலில் எனக்கே காது அடைத்தது. செட்டுப் பெண்கள் குலவை போட்டார்கள். ஐயாவு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ராஜாத்தி புடவையைச் சரிசெய்துகொண்டு மேடையேறித் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கூட்டம் ஆரம்பம் என்றார். துரைராசு எழுந்தார்.

"ரொம்ப சந்தோசம் ராஜாத்தி. இருந்தாலும் நான் ஒரு விசயம்..."

ராஜாத்தி மைக்கை இழுத்தார். "ஐயா, பேசுறவங்க பேரும் உறுப்பினர் எண்ணும் சொல்லிட்டுத்தான் பேசணும். மினிட்ஸ்ல ஏறணும்."

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியுங்கய்யா. கம்பெனிக்குத் தெரியணும்ல? என்னையும் அப்படித்தான் கேட்டாங்க."

துரைராசு சட்டைப் பையைத் தடவினார். வந்தது அந்தப் பட்டியல்தான், உறுப்பினர் அட்டை இல்லை. அரவிந்தன் தன் போனில் அவசரமாகத் தேடி அப்பாவின் காதில் சொன்னார். துரைராசு பட்டியலை மடித்து உள்ளே வைத்துக்கொண்டு, முந்நூறு பேர் முன்னால் நிமிர்ந்து நின்றார்.

"துரைராசு. உறுப்பினர் எண் நூத்தி எண்பத்தாறு."

"நன்றிங்கய்யா. எழுதிக்குங்க மேடம். இப்ப சொல்லுங்க."

இயக்குநர்களை மாற்றுவது பற்றி அவர் வாயே திறக்கவில்லை. மழைக்கு விதைநெல் மூட்டைகள் நனைகின்றன, கிடங்குக்கு நல்ல தார்ப்பாய் வாங்க வேண்டும் என்று கேட்டார்.

"நியாயமான கோரிக்கைங்கய்யா," என்றார் ராஜாத்தி. "போர்டுல வச்சுப் பாக்குறோம்."